கேள்வி – பதில்: பெயர் பதித்த கற்கள்

கேள்வி: ஜெர்மனி சென்று வந்த என் மகள், நாஜிகளால் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை அங்கே நடைபாதையில் பதித்திருக்கிறார்கள் என்றாள். பெயரை மிதித்து நடப்பது முறையா? நம் காவிரிப் படுகையில் இதுபோன்ற நினைவுகூரல் உண்டா?
– ஆசிரியை ஒருவர், மன்னார்குடி

பதில்: தாளில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்புதான். மியூனிக்கிலும் இதே மனக்குறையை யூதத் தலைவர்கள் சிலர் எழுப்பியதால், பொதுத் தெருக்களில் அக்கற்களைப் பதிக்க நகராட்சி இடந்தரவில்லை. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-இல் தொடங்கிய பணி இது. பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகட்டில் ஒருவரின் பெயரையும் பிறந்த ஆண்டையும் அவருக்கு நேர்ந்த கதியையும் பொறித்து, அவர் விரும்பிக் குடியிருந்த கடைசி வீட்டின் வாசலில் பதிக்கிறார்கள். 2023-இல் இவற்றின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. பெயரைப் படிக்க வேண்டுமானால் குனிந்தாக வேண்டும். அதனால் இதை அவமதிப்பு என்று என்னால் கருத முடியவில்லை.

நம் பகுதியில் முதலில் சொல்ல வேண்டியது கீழ்வெண்மணி என்ற ஊரில் நடந்த படுகொலை. இனப்படுகொலை என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளுக்குள் அது அடங்குமா என்பது வேறு வழக்கு. சாதியும் கூலியும் சேர்ந்த ஒடுக்குமுறை அது என்பதில் ஐயமில்லை. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரியில், 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் ஒடுங்கியிருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. தீர்ப்பேட்டில் குற்றவாளி இல்லாமற்போன நிலையில், இறந்தவர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கும் நினைவிடம்தான் அவர்களுக்கான சாட்சியாக இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில், சம்பா வயல்களுக்கு நடுவே உள்ள அவ்விடத்தில் மக்கள் செங்கொடியோடு கூடி வெண்மணித் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள்.

தஞ்சை விளாரில் 2013-இல் அமைந்த முள்ளிவாய்க்கால் முற்றம் ஈழத்தில் மாண்டவர்களுக்கானது. ஈழத்தில் மே 18-ஐ ஒட்டி, 2009 போரின் கடைசி நாட்களில் பசியாற்றிய உப்புக்கஞ்சியைக் காய்ச்சி ஊருக்கே வழங்குகிறார்கள். அரிசியும் நீரும் உப்பும் மட்டுமே அதில் இருக்கும்; சுவைக்காக எதையும் சேர்ப்பதில்லை.

மாணவர்களைக் கீழ்வெண்மணிக்கு அழைத்துச் செல்வதானால், அந்த 44 பெயர்களையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.