குமுளியில் திருடு போன பைக்குக்குத் தேனி மாவட்டத்தில் புகார் கொடுக்கலாமா? எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் ஒரு தாளை மட்டும் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கொடுக்கலாம். "சம்பவம் கேரளாவில் நடந்தது, அங்கேயே போங்கள்" என்று உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பியது சட்டப்படி சரியல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் குறித்த தகவலை எந்த நிலையத்திலும் அளிக்கலாம். அவர்கள் அதை 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' ஆக, அதாவது எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிந்து குமுளிக்கு அனுப்ப வேண்டும்.

விசாரணையை எப்படியும் கேரளக் காவல்துறைதான் நடத்தும் என்பதால், எதற்கு இரட்டை வேலை என்று உங்கள் ஊர்க் காவலர்கள் தட்டிக்கழித்திருக்கக்கூடும். அந்த அலைச்சலை உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

முதலில், காவல் நிலையத்தில் உங்களுக்குத் தந்த தாளைப் பாருங்கள். அதில் 'சி.எஸ்.ஆர்.' என்று இருந்தால் அது மனு பெற்றதற்கான ரசீது மட்டுமே; காப்பீட்டு நிறுவனம் கேட்பது எஃப்.ஐ.ஆர். நகலை, அதை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். திருட்டு நடந்த செய்தியைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், எஃப்.ஐ.ஆருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மீண்டும் மறுத்தால், ஆர்.சி. நகலை இணைத்துப் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். அதற்கும் பலனில்லையெனில் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: கேமரா பதிவுகள் நாளடைவில் அழிந்துவிடும். ஆகவே, இங்கே வாதாடிக்கொண்டிருக்கும்போதே குமுளியிலும் ஒரு மனு கொடுத்து, வண்டி நிறுத்திய இடத்தின் பதிவைக் கைப்பற்றும்படி எழுத்தில் கேளுங்கள். இங்கு கொடுத்த மனுவையும் அதில் குறிப்பிடுங்கள்.