பழி யார் மீது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் கூடைப்பந்துக் கழக அணியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே பயிற்சியாளர்தான் நடத்தி வருகிறார். முன்பெல்லாம் நாங்கள் மலையிலிருந்து இறங்கி ஆடச் சென்றால் திண்டுக்கல், தேனி அணிகள் எச்சரிக்கையோடு ஆடும். சில ஆண்டுகளாக முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புகிறோம். சாரை மாற்றியாக வேண்டும் என்கிறார்கள் கழகத்தில் சிலர். அமெரிக்காவில் கிரெக் போபோவிச்சின் அணி சரிந்தபோது அவரை யாரும் நீக்கவில்லையே, பொறுத்திருங்கள் என்கிறார்கள் வேறு சிலர். வீழ்ச்சிக்கு அவரைக் குறை சொல்வது நியாயமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: முழுப் பழியையும் அவர் தலையில் போடுவது நியாயமன்று, அவருக்குப் பொறுப்பே இல்லை என்பதும் உண்மையன்று. அணி தோற்றதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று கேட்டால்தான் அவருடைய பங்கு எவ்வளவு என்பது தெரியும். போபோவிச்சின் பெயரை உங்கள் கழகத்தாரே எடுத்திருப்பதால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

1996 டிசம்பரில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற அவர், 1999, 2003, 2005, 2007, 2014 என ஐந்து முறை, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் பட்டத்தை வென்றார். அவருடைய அணி தொடர்ந்து 22 பருவங்கள், பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றில் ஆடியது. பிறகு வந்த சரிவுக்கு முதற்காரணம் ஆட்களின் இழப்பு. அணியின் தூணாக இருந்த டிம் டங்கன் 2016-இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் அணியைச் சுமக்க வேண்டிய காவாய் லெனர்ட், காயத்தால் 2017-18 பருவத்தில் 9 ஆட்டங்களே ஆடி, 2018 ஜூலையில் டொராண்டோ அணிக்கு மாற்றப்பட்டார். அதே கோடையில் டோனி பார்க்கர் வேறு அணிக்குச் சென்றார், மனு ஜினோபிலி ஓய்வு பெற்றார். இத்தனை பேரை இரண்டே ஆண்டுகளில் இழந்த ஓர் அணி எந்தப் பயிற்சியாளரிடம் இருந்தாலும் பழைய நிலையில் நின்றிருக்காது.

ஆனாலும் போபோவிச்சைக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. மற்ற அணிகள் எல்லாம் தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதலை நம்பி ஆட்டத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது, 2018-19 பருவத்தில் அவருடைய அணி லீக்கிலேயே மிகக் குறைவாக மூன்று புள்ளிக்கு முயன்றது; அதே அணிதான் அந்த எறிதலில் லீக்கிலேயே மிகுதியான வெற்றி விகிதத்தையும் வைத்திருந்தது. திறமை கையில் இருந்தும் அதைப் போதிய அளவுக்குப் பயன்படுத்தாதது பயிற்சியாளரின் தேர்வு. அதுபோலவே, 2023-24 பருவத் தொடக்கத்தில், முன்வரிசை ஆட்டக்காரரான ஜெரமி சோஹானைப் பந்தை நடத்திச் செல்லும் பாயின்ட் கார்டாக ஆட வைத்ததும் அவர் எடுத்த முடிவுதான். அந்தப் பருவத்தில் அணி தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோற்றது. ஆட்களைச் சேர்ப்பதிலும் விடுப்பதிலும் அவர் வெறும் பயிற்சியாளராக இருக்கவில்லை. அணியின் கூடைப்பந்துப் பிரிவுத் தலைவர் பதவியும் அவரிடமே இருந்தது. அதிகாரம் அவ்வளவு பெரியது என்பதால் பொறுப்பும் அதே அளவுக்கு அவரைச் சேர்கிறது.

இதில் பலர் மறந்துவிட்ட ஒரு நிகழ்வு இருக்கிறது. 1996-இல் அந்த அணியின் பொது மேலாளராக இருந்தவர் போபோவிச்தான். முதல் 18 ஆட்டங்களில் 15-இல் தோற்ற நிலையில், பாப் ஹில் என்ற பயிற்சியாளரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் தாமே அமர்ந்தார். அணியின் தலையாய வீரர் டேவிட் ராபின்சன் காயத்தால் அந்தப் பருவம் முழுவதிலும் 6 ஆட்டங்களே ஆடினார் என்பதை வைத்துப் பார்த்தால், ஹில் அடைந்த தோல்விகளுக்கு ஹில்லை மட்டும் காரணம் காட்ட முடியாது. பயிற்சியாளர் மாறியும் பருவம் 20 வெற்றி, 62 தோல்வி என்றே முடிந்தது. அடுத்த பருவத்தில் அதே அணி 56 ஆட்டங்களில் வென்றது. ராபின்சன் குணமாகித் திரும்பியதும், புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 1997-இல் முதல் தேர்வாக டங்கன் கிடைத்ததுமே அதற்குப் பெருங்காரணம்.

உங்கள் கழகத்தின் இரு பிரிவினருமே இந்த வரலாற்றைக் கவனிக்க வேண்டும். ஆட்களின் குறையைப் பயிற்சியாளரை மாற்றித் தீர்க்க முடியாது என்பது முதல் பிரிவினருக்கு. போபோவிச்சைப் போலப் பொறுத்திருங்கள் என்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. என்.பி.ஏ.வில் கீழே விழுந்த அணிக்கு டிராஃப்டில் நல்ல இளம் வீரரைப் பெறும் வாய்ப்பு கூடுகிறது. 2022-23 பருவத்தில் 60 ஆட்டங்களில் தோற்ற பிறகுதான் ஸ்பர்ஸுக்கு விக்டர் வெம்பன்யாமா கிடைத்தார். அங்கே பொறுமைக்குப் பலன் தரும் ஏற்பாடு விதியிலேயே இருக்கிறது. தோற்ற அணிக்கு ஆள் தரும் அத்தகைய ஏற்பாடு எதுவும் நம்முடைய ஊர்க் கழகங்களுக்கு இல்லை. பத்தாம் வகுப்பு முடித்த திறமையான பிள்ளை விளையாட்டு விடுதிக்கோ, பன்னிரண்டு முடித்தபின் மதுரை, கோவைக் கல்லூரிகளுக்கோ இறங்கிப் போய்விடுகிறது. அது அந்தப் பிள்ளைக்கு நல்லது. அதைத் தடுக்க எந்தப் பயிற்சியாளருக்கும் உரிமை இல்லை. ஆனால் போனவரின் இடத்துக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒருவரை ஆயத்தமாக வைத்திருப்பது பயிற்சியாளர் செய்யக்கூடிய வேலை. உங்கள் சார் கடைசியாக எப்போது சிறுவர் பிரிவைத் தாமே நின்று நடத்தினார் என்று கேட்டுப் பாருங்கள். அவரைப் பற்றிய என் தீர்ப்பு பெரும்பாலும் அந்த விடையைப் பொறுத்தது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். அவர் ஆடிய காலம் 2000-க்கு முற்பட்டது என்றால், அவர் கற்ற ஆட்டத்தில் எறிவதற்கு 30 விநாடிகள் இருந்தன, இப்போது 24. மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.25 மீட்டரில் இருந்தது. 2010-இல் அது 6.75 மீட்டருக்குத் தள்ளிப் போனது. எதிரணிக் கூடையில் எறிந்து தவறிய பந்தை மீண்டும் பிடித்தால் இன்று 14 விநாடிகளே கிடைக்கின்றன. ஆட்டம் இவ்வளவு வேகமாகிவிட்ட பிறகும் உயரமானவரைக் கூடையடியில் நிறுத்தி அவர் கைக்குப் பந்து போகும்வரை காத்திருக்கும் பழைய முறையையே அவர் சொல்லித் தருகிறார் என்றால், அந்தக் குறை முழுக்க அவருடையதுதான். ஃப்ரீ த்ரோ தவறுவது, தவறித் திரும்பும் பந்தான ரீபவுண்டுக்கு எதிராளியை மறித்து நிற்காமல் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பது போன்றவையும் அவ்வாறே. இவற்றுக்கு உயரமோ பிறவித் திறமையோ அவ்வளவாகத் தேவையில்லை, பழக்கம் போதும்.

கேள்வி: எங்கள் அணி மலையில் நன்றாக ஆடுகிறது. பெரியகுளம் போன்ற கீழூர்களில் கோடைப் போட்டிக்குப் போனால் மூன்றாவது கால்பகுதியில் துவண்டு விடுகிறது. உடற்தகுதிப் பயிற்சி போதவில்லை என்று பயிற்சியாளரைக் குறை கூறுகிறார்கள். சரியா?
– வாசகர், பண்ணைக்காடு

பதில்: பயிற்சிக் குறைவாகவும் இருக்கலாம், ஆனால் நான் முதலில் சந்தேகிப்பது வெப்பத்தை. மே மாதத்தில் பெரியகுளத்தின் வெயிலும் உங்கள் ஊரின் குளுமையும் ஒன்றல்ல. குளிர்ந்த இடத்தில் பயின்ற உடல் வெப்பத்துக்கு முழுமையாகப் பழக ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாள்கள் ஆகும். அதற்குள் வியர்வை சுரக்கும் அளவும் இதயத் துடிப்பும் புதிய சூழலுக்கு ஏற்ப மாறிக்கொள்கின்றன. காலையில் வேனில் இறங்கி மாலையில் ஆடும் அணிக்கு இந்த மாற்றம் நிகழ நேரமே இல்லை. சில நாள்கள் முன்னதாகப் போய்த் தங்குவதற்குப் பயிற்சியாளர் பணம் கேட்டாரா, கழகம் மறுத்ததா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டும் கிடைக்கவில்லை என்றால் குற்றம் நிர்வாகத்துடையது. அவர் கேட்கவே இல்லை என்றால் அவருடையது. எப்படியானாலும் ஆட்களை அடிக்கடி மாற்றி இறக்குவதும், தண்ணீரோடு உப்பும் சேர்த்துக் கொடுப்பதும் பணமில்லாமல் அவரே செய்யக்கூடியவை.

கேள்வி: எங்கள் கழகத்தின் மூத்த பயிற்சியாளரிடம் பயின்றவன் நான். அணி அவரோடு அழிந்துவிடக் கூடாது. அவரும் அவமானப்பட்டுப் போகக் கூடாது. கழகம் என்ன செய்யலாம்?
– முன்னாள் ஆட்டக்காரர், கோத்தகிரி

பதில்: உங்கள் கவலையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தி அத்துடன் அனுப்பிவிடுவதை மரியாதை என்று நான் நினைக்கவில்லை. ஸ்பர்ஸ் அணியில் 2024 நவம்பரில் போபோவிச்சுக்குப் பக்கவாதம் வந்தபோது, அவருக்கு உதவியாளராக இருந்த மிட்ச் ஜான்சன் உடனே பொறுப்பேற்க முடிந்தது. 2025 மே மாதத்தில் போபோவிச் விலகியதும் ஜான்சனே முறையான பயிற்சியாளரானார். போபோவிச் அணியின் தலைவராகத் தொடர்ந்தார். நோய் வருவதற்கு முன்பே ஓர் ஆள் அருகில் இருந்து கற்றிருந்ததால்தான் அது முடிந்தது. உங்கள் கழகத்தில் அப்படி ஒருவர் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

ஆகவே இந்தப் பருவத்திலேயே, அவரிடம் பயின்றவர்களில் இளையவர் ஒருவரை அவருக்கு உதவியாளராக நியமிக்கச் சொல்லுங்கள். யாரை நியமிப்பது என்பதில் அவருடைய கருத்தையும் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரியின் திறந்த சிமெண்ட் களங்கள் வழுக்கத் தொடங்குமுன், பள்ளி மண்டபம் ஒன்றைப் பயிற்சிக்குக் கேட்டுப் பெறும் பொறுப்பைச் செயலாளர் ஏற்கட்டும். அது பயிற்சியாளரின் வேலையன்று. மூத்தோர் அணியின் ஆட்ட முறையையும் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதையும் அடுத்த ஆண்டிலிருந்து இளையவரிடம் ஒப்படைத்து, சிறுவர் பிரிவைச் சாரிடம் கொடுங்கள். பந்தைப் பிடிக்கவும் காலை ஊன்றவும் அவர் கற்றுக்கொடுத்ததால்தானே நீங்களே ஓர் ஆட்டக்காரர் ஆனீர்கள்? இந்த ஏற்பாட்டைக் கடிதத்தில் அனுப்பாமல், நீங்களும் உங்களோடு ஆடிய இருவரும் அவர் வீட்டுக்கு நேரில் சென்று சொல்லுங்கள்.