மூட்டையை எங்கே வைப்பது?

கேள்வி: அண்ணா, பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். என்ஜின் இழுப்பு பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். பனி விழுந்த முதல் நாளே ஒரு சின்ன மேட்டில் ஏற முடியாமல் பின்டயர்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. பின்தட்டில் பாரம் ஏற்றினால் சரியாகும் என்கிறார்கள். எதை, எவ்வளவு, எங்கே வைப்பது?

பதில்: சரியாகும் தம்பி. நீங்கள் கடைசியாகக் கேட்ட ‘எங்கே’தான் மூன்றிலும் முக்கியம். நான் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சரக்கு வண்டி ஓட்டத் தொடங்கிய முதல் குளிர்காலம். 25 கிலோ மணல் மூட்டைகள் ஆறைத் தூக்கி, பின்கதவை ஒட்டியே அடுக்கிவிட்டேன். மேட்டில் வண்டி அருமையாக ஏறியது. மறுபக்கம் இறங்கும்போது ஒரு வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், வண்டி திரும்பவே இல்லை. நேராகப் போய் ஓரத்துப் பனிக்குவியலில் முட்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் எதிரே ஒரு வண்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

கணக்கு எளிது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 3.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவைப் பின்னச்சுக்கு நேர் மேலே வைத்தால் அந்த 100 கிலோவும் பின்சக்கரங்களில் இறங்கும். அதையே 1 மீட்டர் பின்னால் தள்ளி வைத்தால் பின்சக்கரங்களில் சுமார் 129 கிலோ இறங்கும். அந்த 29 கிலோ எங்கிருந்து வந்தது? முன்சக்கரங்களிலிருந்துதான். சீசா பலகையின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புகிற மாதிரி. வண்டியைத் திருப்புவது முன்சக்கரம். அதன் அழுத்தம் குறைந்தால் வழுக்குப் பனியில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. அதனால் மூட்டைகளைப் பின்னச்சுக்கு நேர் மேலே, அல்லது ஒரு சாண் முன்னால் வையுங்கள். பின்தட்டுக்குள் இரண்டு பக்கமும் சக்கரத்துக்காக மேடு தட்டியிருக்கும் அல்லவா, அவற்றுக்கு இடைப்பட்ட இடம்தான் அது.

எவ்வளவு என்றால், நடுத்தர பிக்கப்புக்கு 100 முதல் 150 கிலோ போதும். காலி வண்டி 2,000 கிலோ, அதில் பின்சக்கரங்களில் 800 கிலோ என்று கொள்ளுங்கள். அச்சின் மேல் 150 கிலோ ஏற்றினால் மொத்த எடை 7.5 சதவீதம்தான் கூடுகிறது, பின்சக்கரங்களின் அழுத்தமோ 19 சதவீதம் கூடுகிறது. மேட்டில் ஏற உதவுவது இந்த வித்தியாசம்தான். வண்டி தாங்கும் பாரம் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ஆட்கள், சரக்கு, மூட்டை எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: இந்தப் பாரம் வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் நான்கு சக்கரத்திலும் பிடிக்கிறது. பிடிமானம் கூடுகிற அளவுக்கு நிறுத்த வேண்டிய எடையும் கூடிவிடுகிறது. முன்வண்டிக்கு விடும் இடைவெளியைக் குறைக்கவே வேண்டாம். மூட்டை ஏற்றுவதற்கு முன்பே, முதல் வேலையாக நான்கு சக்கரத்துக்கும் குளிர்கால டயர் வாங்குங்கள். சாதாரணக் கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனாலே இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் மேல் எத்தனை மூட்டை ஏற்றினாலும் பெரிய பயன் இல்லை.

பொருள் என்று கேட்டால், நான் மணலைத்தான் சொல்வேன். காய்ந்த மணல். ஈரம் இருந்தால் உறைந்து பாறையாகிவிடும். வண்டி எங்காவது மாட்டிக்கொண்டால் ஒரு மூட்டையைப் பிரித்து டயருக்கு முன்னால் தூவி வெளியே வந்துவிடலாம். நான் அப்படிப் பலமுறை வந்திருக்கிறேன். இரும்புத் துண்டும் கான்கிரீட் கல்லும் வேண்டாம். வண்டி எதிலாவது மோதினால் அவை பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உங்கள் தலைக்கு வரும். மணல் மூட்டையையும் சும்மா விடாதீர்கள். குறுக்கே கட்டைகளைக் கொடுத்து அசையாமல் அடைத்து, பட்டையால் தட்டிலுள்ள கொக்கிகளில் இறுக்கிக் கட்டுங்கள்.

அப்புறம், பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். மூட்டை ஏற்றியதும் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்திப் பார்த்து, வெளிச்சத்தை இறக்கிவிடுங்கள்.

கேள்வி: மணல் எதற்கு? தட்டில் விழுந்த பனியையே அப்படியே விட்டுவிட்டால் பாரம் ஆகாதா?

பதில்: வேண்டாம் அம்மா. புதுப்பனி பஞ்சு மாதிரி, தட்டு நிறைந்தாலும் எடை அதிகம் இருக்காது. அதுவே நனைந்து இறுகினால் பல மடங்கு கனக்கும். எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்று உங்களுக்கே தெரியாது. அதைக் கட்டவும் முடியாது. வேகமெடுத்ததும் பறந்துபோய்ப் பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழும். கிளம்பும் முன் தட்டையும் கூரையையும் பின்விளக்குகளையும் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.