எதிர்ப்புச் செல்களைக் குறைத்தால் நோய் எப்படி அடங்கும்?

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. சிறுசேரியில் ஐ.டி. வேலை. சென்ற ஆண்டு வலது கண் மங்கிச் சரியானது; இப்போது இடது கால் மரத்துப்போகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறார்கள். எதிர்ப்புச் செல்களை அழிக்கும் ரிடுக்சிமாப் மருந்தை ஏற்ற வேண்டுமாம். டெங்கு காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காக நிலவேம்புக் குடிநீர் கொடுத்து வளர்த்த பிள்ளை. இருப்பதையும் அழிப்பதா? வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், திருமணம் முடியும் வரை தள்ளிப்போடலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: தள்ளிப்போடாதீர்கள் அம்மா.

உங்கள் மகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு இல்லை. அது ஆள் தெரியாமல் அடிக்கிறது. மூளை, தண்டுவட நரம்புகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை அவருடைய வெள்ளை அணுக்களே அரிக்கின்றன. கண் மங்கியதும் கால் மரத்ததும் அதனால்தான்.

'அழிப்பது' என்ற சொல் உங்களை அச்சுறுத்திவிட்டது. ரிடுக்சிமாப் எல்லாவற்றையும் அழிப்பதில்லை. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான, சி.டி.20 என்ற அடையாளத்தைத் தாங்கிய பி செல்களைத்தான் முக்கியமாகக் குறிவைக்கிறது. அவற்றை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையின் மூலச் செல்களில் அந்த அடையாளம் கிடையாது. எனவே சில மாதங்களில் பி செல்கள் மறுபடி முளைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்தேற்றுவது வழக்கமாக இருப்பதும் அதனால்தான். கிருமிகளை எதிர்க்கும் புரதமான எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களிலும் அது இல்லை. சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பு உடனே போய்விடாது.

இந்நோய்க்கு வெள்ளை அணுக்களில் இன்னொரு வகையான டி செல்களே காரணம் என்று நெடுங்காலம் நம்பினோம். 2008இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. ரிடுக்சிமாப் பெற்றவர்களின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், மூளையில் புதிதாக அழற்சி காட்டும் புள்ளிகள் 91% குறைவாக இருந்தன. பலன் தெரியத் தொடங்கியபோது எதிர்ப்பொருள் அளவு பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. அப்படியென்றால், பலன் எதிர்ப்பொருள் குறைந்ததால் வந்ததல்ல; பி செல்கள் டி செல்களைத் தூண்டிவிடும் வேலையையும் செய்கின்றன. தூண்டுபவரை விலக்கினால் சண்டை தணிகிறது. இதே வகையைச் சேர்ந்த ஒக்ரெலிசுமாப், 2017இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில், இந்நோய்க்கான பழைய ஊசி மருந்தான இன்டர்ஃபெரானோடு ஒப்பிட நோய்த் தாக்குதல்களை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. அதன் விலை அதிகம். ரிடுக்சிமாப் நம் நாட்டிலேயே தயாராகிறது. உலகச் சுகாதார நிறுவனமும் 2023இல் இந்நோய்க்கான அத்தியாவசிய மருந்துகளில் அதைச் சேர்த்தது.

ஆனால் அறுந்துபோன நரம்பிழையை எந்த மருந்தும் ஒட்டவைக்காது. வரப்போகும் தாக்குதலைத் தடுப்பதே இதன் வேலை. காத்திருக்கும் மாதங்களில் இன்னொரு தாக்குதல் வந்தால், இழந்தது முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

ஆபத்தே இல்லையென்று சொல்லமாட்டேன். முதல்முறை ஏற்றும்போது குளிர், காய்ச்சல், அரிப்பு வரலாம். முன்கூட்டியே மருந்து கொடுத்து மெதுவாக ஏற்றுவார்கள். உடலில் ஒளிந்திருக்கும் ஹெபடைட்டிஸ் பி விழித்துக்கொள்ளலாம். அதற்கான ரத்தப் பரிசோதனையும் காசநோய்ப் பரிசோதனையும் முடியாமல் தொடங்கக் கூடாது. போட வேண்டிய தடுப்பூசிகளை முன்னதாகவே போட்டுவிடுங்கள், பிறகு போட்டால் சரியாகப் பலிக்காது. ஆண்டுகள் செல்லச் செல்ல எதிர்ப்பொருள் அளவு குறையலாம் என்பதால் அதையும் அளந்துகொண்டே வர வேண்டும். காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாதீர்கள். கஷாயம், சூரணம் எது கொடுத்தாலும் நரம்பியல் மருத்துவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

திருமணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ இந்நோய் தடையில்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாக்குதல்கள் குறைவதைக்கூடப் பார்க்கிறோம். மருந்தேற்றும் நாளையும் கர்ப்பத்தையும் திட்டமிட்டு அமைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. உங்கள் கடிதத்தில் மகள் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவரிடம் கேளுங்கள், முடிவு அவருடையது.

கத்திரி வெயிலில் பழைய மங்கலும் மரப்பும் தலைகாட்டி, உடல் குளிர்ந்ததும் அடங்கினால் அது புதிய தாக்குதல் அல்ல. புதிய குறை ஒன்று 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அடுத்த சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.