பிளாட்டெக்லிப் ஏற பெர்மிட் வேணுமா? காச கட்டுறதுக்கு முன்னாடி இத படிங்க

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. டிசம்பர்ல குடும்பத்தோட கேப் டவுன் வர்றாங்களாம், டேபிள் மவுண்டன் மலையில பிளாட்டெக்லிப்ங்கிற கல்லு படி பாதையில நடந்து ஏறி கேபிள் கார்ல இறங்கலாம்னு பிளான், அப்பாவுக்கு 63 வயசு, வருஷா வருஷம் காவடி எடுக்கிறவரு. ஒரு ஏஜென்ட் ஆளுக்கு 900 ராண்ட் கேக்குறானாம், அதுல பெர்மிட்டும் உச்சியில இருக்கிற தீ காவல் டவருக்கு என்ட்ரியும் அடக்கமாம். கட்டலாமான்னு கேள்வி.

கட்டாதீங்கம்மா. பிளாட்டெக்லிப் பாதையில நடக்க பெர்மிட்டும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. டாஃபல்பெர்க் ரோட்டுல கீழ் கேபிள் ஸ்டேஷன தாண்டி ஒண்ணரை கிலோமீட்டர் போனா பாதை தொடங்குது, அவ்ளோதான். உச்சியில டவரும் இல்ல. அங்க இருக்கிறது மக்லியர்ஸ் பீக்கன், 1,086 மீட்டர் உயரத்துல ஒரு கல் குவியல், பூமியோட வளைவ அளக்குறதுக்காக தாமஸ் மக்லியர்ங்கிற வானியல்காரர் 1844ல வச்சது. பீக்கன்னா தீ மூட்டி சைகை காட்டுற இடம்னும் ஒரு அர்த்தம் உண்டு, அந்த பேர வச்சு தீ டவர்னு கதை கட்டி விக்கிறான். கல் குவியலுக்கு என்ட்ரியா!

கைடு வேணும்னா தாராளமா வச்சுக்கோங்க, ஆனா பதிவு பண்ண கைடுன்னா பேட்ஜும் கார்டும் கையில இருக்கணும், அது சட்டம். காமிங்கன்னு கேளுங்க, மழுப்புனா விட்டுருங்க. சீசன்ல பேட்ஜே இல்லாதவன் பத்து பேர கூட்டிக்கிட்டு ஏறுறான், அவன கேக்க ஒரு நாதி இல்ல, யாராவது விழுந்த பிறகுதான் எல்லாரும் ஓடி வர்றாங்க. எத்தன வருஷமா சொல்லிட்டு இருக்கேன்.

இப்ப உங்க பிளான்ல இருக்கிற நிஜ ஓட்டை வேற, அது கேபிள் கார். காத்து பலமா அடிச்சா நிறுத்திருவாங்க, டிசம்பர்ல சவுத்-ஈஸ்டர்ங்கிற தென்கிழக்கு காத்து சொல்லிட்டு வராது. காலையில ஓடிட்டு இருந்ததே, டிக்கெட் கையில இருக்கேன்னு நெனச்சு ஏறுவீங்க, பாதி வழியில மேல மேகம் துணி விரிச்ச மாதிரி இறங்கும், நீங்க போய் சேரும்போது கார் நின்னுருக்கும். அப்ப ஏறுன படியிலயே இறங்கணும், வேற வழி இல்ல. மேல இருக்கும்போது ஹூட்டர் சத்தம், அதாவது கார நிறுத்தப் போறோம்னு ஊதுற சங்கு, கேட்டா போட்டோ கீட்டோ எல்லாம் விட்டுட்டு உடனே ஸ்டேஷனுக்கு நடங்க. கார் நின்னுருச்சுன்னா பிளாட்டெக்லிப்லயே திரும்பி இறங்குங்க, "இந்த பக்கம் குறுக்கு வழி இருக்கு"ன்னு யார் சொன்னாலும் போகாதீங்க, குறிப்பா இந்தியா வென்ஸ்டர்ங்கிற இன்னொரு பாதை பக்கம் வேணவே வேணாம், அங்க பாறையில கைய வச்சு இறங்கணும், மேகத்துக்குள்ள பாதையே தெரியாது. அதனால கெளம்புறதுக்கு முன்னாடி உங்களையே கேட்டுக்கோங்க, நடந்து இறங்கவும் எங்களால முடியுமா? முடியாதவங்க நடந்து ஏற வேணாம்.

அப்பா விஷயம் இங்கதான் வருது. டர்பன் உம்கேனி ரோடு கோயில்ல காவடியோட வெறுங்கால்ல நடந்த காலு, பக்தியும் உடம்பும் உறுதிதான், நான் குறைச்சு சொல்லல. ஆனா அது சமதரை, இது கீழ இருந்து மேல வரைக்கும் கல்லு படி, சில படி முழங்கால் உயரம், 700 மீட்டர் கிட்ட ஏத்தம், ரெண்டு மூணு மணி நேரம். ஏறுறதுல நெஞ்சு வாங்கும், இறங்குறதுலதான் முட்டி போகும். அவர காத்தில்லாத நாளா பாத்து கேபிள் கார்லயே ஏத்தி விடுங்க, மேல சந்திங்க, பீக்கன் வரைக்கும் சேர்ந்து நடங்க, மேல ஓரளவு சமமாத்தான் இருக்கும்.

பாதை வடக்க பாத்தது, வெயில் நேரா மேல விழும். காலையில ஆறு மணிக்கே ஏற ஆரம்பிங்க, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, டிசம்பரா இருந்தாலும் ஒரு ஜாக்கெட். தனித்தனியா பிரியாதீங்க, வழிப்பறி நடக்குது. மலை மீட்பு நம்பர் 021 937 0300, எல்லார் போன்லயும் இப்பவே சேவ் பண்ணி வைங்க, அப்பா போன்லயும்.