கம்பம் பள்ளத்தாக்கில் மழை பெய்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறையுமா?

நிறையக்கூடும், ஆனால் நேரடியாக அல்ல. மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே மேகமலைக்கும் இடையில் வடகிழக்காகத் திறந்து கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கு, தென்மேற்குப் பருவமழையை ஏலமலை மறித்துவிடுவதால், பசுமை தோற்றுவிக்கும் அளவுக்கு மழை பெறுவதில்லை. அங்கே ஓடும் முல்லையாறும் சுருளியாறும், வருசநாட்டு மலையில் பிறந்து வரும் வைகையோடு தேனி அருகே கலக்கின்றன. அந்த வைகைதான் நம் பெரிய கண்மாயை நிரப்பி, மிஞ்சினால் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் நீரிணையைத் தொடுகிறது.

மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனையை முதலில் ஆராய்ந்தது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னரின் பிரதானி (தலைமை அமைச்சர்) முத்திருளப்ப பிள்ளைதான் என்பதைப் பலர் மறந்துவிட்டனர் (பெயரெல்லாம் பின்னாளில் அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்குக்கே போயிற்று). செலவு மிகுதியால் கைவிடப்பட்ட அத்திட்டத்துக்கு 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டு, 1895இல் அணை திறக்கப்பட, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நீர் பள்ளத்தாக்கில் இறங்கியது. கம்பத்தில் நெல் இருபோகம் விளைவது அதனால்தான்.

1959 முதல் வைகை அணையும் குறுக்கே நிற்பதால், கடைமடையான நமக்கு மதகு திறந்தால்தான் தண்ணீர். அதிலும் வழியிலுள்ள கண்மாய்கள் குடித்தது போக மிஞ்சுவதே.