டிஹியுமிடிஃபையர் பழுது: கேஸ் தீர்ந்துவிட்டதா, வேறு கோளாறா?

அறைக் காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்கி எடுக்கும் டிஹியுமிடிஃபையர் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "கேஸ் போட வேண்டுமா?" கேஸ் என்பது கருவிக்குள் சுற்றிவரும் குளிரூட்டும் வாயு. கம்ப்ரசரும், குளிர் காயில், சூடு காயில் என்ற இரண்டு காயில்களும் சேர்ந்து அதை அடக்கியிருக்கும் செப்புக் குழாய்ச் சுற்று, தொழிற்சாலையிலேயே மூடி முத்திரையிடப்பட்டது. வெளியிலிருக்கும் காரணங்கள் அனைத்தையும் பார்த்து முடிக்காமல் அதைத் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்களை அந்த நோக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கருவி ஓடுகிறது, காயிலில் ஐஸ் பிடிக்கிறது, தொட்டியில் தண்ணீர் சேரவில்லை. கேஸ் குறைந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். சரிதானா?

ஐஸ் எங்கே பிடிக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கருவியை இருபது நிமிடம் ஓடவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் குளிர் காயிலைப் பாருங்கள். மெல்லிய கேப்பிலரி குழாய் வந்து சேரும் முனையில் இரண்டு மூன்று வளைவுகள் மட்டும் வெள்ளையாக உறைந்து, மீதிக் காயில் முழுவதும் உலர்ந்து அறை வெப்பத்திலேயே இருந்தால், உள்ளே வரும் கொஞ்சம் திரவம் முதல் வளைவுகளிலேயே ஆவியாகித் தீர்ந்துவிடுகிறது என்று பொருள். அப்போது கேஸ் குறைந்திருக்கலாம். கேப்பிலரியோ, அதற்கு முன்னால் ஈரத்தையும் அழுக்கையும் பிடித்து வைக்கும் டிரையரோ அடைத்திருக்கவும் கூடும். டிரையரின் இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். வெளியேறும் முனை தெளிவாகக் குளிர்ந்திருந்தால் அடைப்பு அங்கேதான்.

மாறாக, காயில் முழுவதும் சீராக ஐஸ் மூடியிருந்தால் கேஸ் இருக்கிறது; அதைத் தொட வேண்டாம். தூசி அடைத்த ஃபில்டர், வேகம் குறைந்த ஃபேன், சுமார் 18 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்கிய அறை, வேலை செய்யாத டிஃப்ராஸ்ட் சென்சார் (காயிலின் குளிரை உணர்ந்து, ஐஸை உருக்கும் நேரத்தை அறிவிப்பது) ஆகியவற்றில் ஒன்றைத்தான் தேட வேண்டும். ஒருமுறை நான் திறந்த கருவியில், சென்சாரைக் காயிலோடு பிடித்து வைக்கும் சிறு செப்புக் கிளிப் நழுவி, சென்சார் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. காயில் உறைந்து கிடக்க, அது இன்னும் குளிரவில்லை என்றே கட்டுப்பாட்டு போர்டு நினைத்துக்கொண்டிருந்தது. கிளிப்பைத் திரும்ப அழுத்தி வைத்ததோடு பழுது தீர்ந்தது.

சென்சாரைச் சோதிக்க, மின்பிளக்கைப் பிடுங்கி, போர்டிலிருந்து அதன் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளக்கவும். பரவலாக உள்ள 10 கிலோ ஓம் வகை, 25 டிகிரியில் ஏறத்தாழ 10 கிலோ ஓம் காட்டும். ஐஸ் கலந்த தண்ணீரில் முனையை வைத்தால் 30 கிலோ ஓமை ஒட்டி உயரும். வேறு மதிப்புள்ள சென்சார்களும் உண்டு. எதுவானாலும் குளிரக் குளிர எண் சீராக ஏற வேண்டும்.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் கேஸ் நிரப்புகிறோம். இது வழக்கம்தானே?

இல்லை. கேஸ் பெட்ரோல்போலச் செலவாகும் பொருளன்று. குறைந்தால் கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் மேலே மேலே நிரப்புவது உங்கள் பணத்தையும் காற்றையும் கெடுக்கும் வேலை. ஒரு கிலோ ஆர்-410ஏ வகைக் கேஸ், புவி வெப்பமாதலில் ஏறத்தாழ 2,000 கிலோ கார்பன் டையாக்சைடுக்கு ஈடானது.

முறையாகச் செய்வதானால், இருக்கும் கேஸை மீட்பு இயந்திரத்தில் எடுத்துவிட்டு, நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, சோப்பு நுரையால் கசிவைக் கண்டுபிடித்து, பிரேசிங் (உலோகப் பற்றவைப்பு) செய்து, புது டிரையர் வைத்து, 500 மைக்ரானுக்குக் (குழாயில் மிஞ்சும் அழுத்தத்தின் அளவு) கீழே வேக்குவம் இழுக்க வேண்டும். பம்பை நிறுத்திய பிறகும் அந்த அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே கேஸ் ஏற்ற வேண்டும். அதையும் பெயர்ப்பலகையில் உள்ள கிராம் கணக்கின்படி தராசில் நிறுத்தே ஏற்ற வேண்டும். கேப்பிலரி வைத்த சிறு கருவிகளில் மொத்தமே சில நூறு கிராம்தான் இருக்கும் என்பதால், அழுத்தக் கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக நிரப்பினால் நிச்சயம் தவறும். குழாயைக் குத்தி மாட்டும் வால்வை நிரந்தரமாக விட்டுவைத்தால், அதுவே அடுத்த கசிவாகிவிடும்.

ஆர்-290 என்று எழுதியிருந்தால் அது புரொப்பேன். காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரம் தங்கும். அதற்கான பயிற்சி இல்லாதவர் அந்தக் குழாயருகே டார்ச் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. குளிர் காயிலே பல இடங்களில் அரித்திருந்தால், புதுக் கருவி வாங்குவதே நல்லது என்பேன்.

கேள்வி: கம்ப்ரசர் 'ம்ம்' என்று உறுமிவிட்டு, 'டிக்' என்று நின்றுவிடுகிறது. சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே கதை.

அந்த 'டிக்' ஓவர்லோடு பாதுகாப்பி துண்டிக்கும் ஓசை. முதலில், மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு ரெசிஸ்டர் வழியாக அதன் மின்னூட்டத்தை இறக்கிய பிறகே அளக்க வேண்டும்; மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரடை விடப் பத்து விழுக்காடு குறைந்திருந்தாலே மாற்றிவிடலாம்.

அடுத்து கம்ப்ரசரின் மூன்று மின்முனைகள்: காமன் (பொது), ரன் (ஓட்டம்), ஸ்டார்ட் (தொடக்கம்). காமனிலிருந்து ரன்னுக்கு 4 ஓம், காமனிலிருந்து ஸ்டார்ட்டுக்கு 6 ஓம் என்றால், ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் இடையே 10 ஓம் வர வேண்டும். கூட்டல் பொருந்தாவிட்டாலோ, எந்த முனையாவது கம்ப்ரசர் உடலோடு தொடர்பு காட்டினாலோ உள்ளிருக்கும் மோட்டார் சுருள் போய்விட்டது. முனைகளின் மூடியைக் கழற்றிய நிலையில் ஒருபோதும் மின்சாரம் கொடுக்காதீர்கள். முனை தெறித்து எண்ணெயும் கேஸும் தீயாக வெளிவந்த விபத்துகள் நடந்திருக்கின்றன. நிறுத்தியவுடன் மறுபடி போடும் பழக்கமும் வேண்டாம். அழுத்தம் சமமாக மூன்று நிமிடமாவது ஆகும்.

கேள்வி: திரையில் எப்போதும் 35 விழுக்காடு என்றே காட்டுகிறது. அறையோ ஈரமாக இருக்கிறது.

ஈரப்பத சென்சாரைச் சாதாரண ஓம் மீட்டரால் சோதிக்க முடியாது. ஒரு சிறு ஈரப்பதமானியை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாத அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல்போல ஆனதும் அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். உள்ளே 75 விழுக்காடு நிலவும். உங்கள் மானி எவ்வளவு தவறுகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு அதைக் கருவி காற்றை இழுக்கும் வாயருகே வைத்து, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒப்பிடுங்கள். பத்துப் புள்ளிக்கு மேல் வேறுபட்டால், முதலில் சென்சாரின் மேல் படிந்த தூசியை மென்மையான பிரஷ்ஷால் நீக்கிப் பாருங்கள். பயன் இல்லையென்றால் சென்சாரை மாற்றலாம்.

கேள்வி: தொட்டி காலியாக இருந்தும் 'நிறைந்தது' விளக்கு அணையவில்லை.

மிதவையைப் பாருங்கள். பாசி பிடித்து மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது அதிலுள்ள சிறு காந்தம் விழுந்திருக்கும்.

கேள்வி: கருவி ஓடும்போது அறை சூடாகிறது. இதுவும் பழுதா?

இது இயல்பு. ஒரு லிட்டர் நீராவி தண்ணீராக மாறும்போது ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பம் வெளிப்படும். கருவி இழுக்கும் மின்சாரமும் அறையிலேயே வெப்பமாகிறது. 300 வாட் கருவி ஒரு நாள் முழுதும் ஓடிப் பத்து லிட்டர் எடுத்தால், 7.2 யூனிட்டும் 6.8 யூனிட்டும் சேர்ந்து 14 யூனிட். அதாவது, 600 வாட்டுக்குச் சற்றுக் குறைந்த ஒரு ஹீட்டர் அறையில் எரிவதற்குச் சமம். வெளிவரும் காற்று உள்ளே போகும் காற்றைவிடச் சூடாகவே இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். கம்ப்ரசர் ஓடுகிறதா என்று அப்போது பாருங்கள்.